சிவப்பு அம்பு

பனியன் பீஸில் ஓட்டை இருந்தால்
ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
எண்ணெய்க் கறைக்கு ஒன்று,
தையல் விட்டதற்கு ஒன்று.
ஒரு நாளைக்கு எழுநூறு பீஸ்.
ஒன்பது வருசமாக இதே கண்.

ராத்திரி எட்டரைக்கு
வேலம்பாளையம் லைன் வீட்டு ட்யூப்லைட்டின் கீழே
மிதுனாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும்
இந்தக் கண்தான்.
கழுத்து, கக்கம், முழங்கால்.
கேட்டால் சொல்லத் தெரியாத வயசு,
உடம்புதான் சொல்ல வேண்டும்.

பால்வாடியில் விட்ட மாசம்
உள்ளங்கையில் சத்துமாவு காய்ந்திருந்தது.
நல்ல டீச்சர்,
மஞ்சக்கருவை உதிர்த்துத்தான் கொடுப்பாராம்.
மூணரைக்குப் பூட்டிவிடுவார்கள்.
எனக்கோ ஒன்றரை ஷிப்ட்.
மூணரைக்கும் எட்டுக்கும் நடுவில்
ஒரு பிள்ளையை எங்கே வைப்பது,
பீரோ மேலேயா?

ப்ளே ஸ்கூல் சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி.
மாசம் மூவாயிரம்,
ஆறு மணிக்கு மேல் அரைமணிக்கு ஐம்பது,
யூனிபாரம் தனி.
திருப்பூரில் இருந்துகொண்டு
துணிக்குக் காசு கொடுத்தாயா என்று
அண்ணிக்கு ஒரே சிரிப்பு.
அங்கிருந்து வந்த உடம்பில்
ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை.
அதுதான் எனக்கு வெசனமாகப் போனது.
பகல் முழுக்க ஒரு பிள்ளை
அழுக்காகாமல் என்ன செய்தது?

கம்பெனியிலும் காப்பகம் உண்டு.
பலகை உண்டு, பிளாஸ்டிக் குதிரை உண்டு,
உறை பிரிக்காமல்.
ஆடிட்டுக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் வருவார்:
"அம்மணி, நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க."
அன்றைக்குக் குதிரை ஆடும்.
போட்டோ எடுத்துக்கொண்டு அவர்கள் போனதும்
அட்டைப்பெட்டிகள் உள்ளே போகும்,
மிதுனா வெளியே வருவாள்.
குதிரை, குதிரை என்று
ஒரு வாரம் கம்பெனிப் பக்கமே கை நீட்டினாள்.

கொஞ்ச நாள் நானும் சென்னியப்பனும்
மாற்றி மாற்றிப் பார்த்தோம்.
அவருக்குச் சாயப்பட்டறையில் ராத்திரி வேலை.
காலை எட்டு மணிக்கு வாசலில்
வண்டிச் சாவியும் பிள்ளையும் கைமாறும்,
பேச்சு மாறாது.
கருநீலம் போகாத விரலால் ஊட்டுவார்.
வட்டலில் பாதி இருக்கும்போதே
தூங்கிவிடுவார்.
ஒரு நாள் அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்து
இமையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று.

இப்போது மூணாவது வீட்டு ஜுனு.
ஒடிசாக்காரி. நாளைக்கு நூறு.
அவள் மகன் ஊரில், அவள் அக்காவிடம்.
அந்த அக்காவின் பிள்ளைகள் யாரிடம் என்று
நான் கேட்கவில்லை.
செல்போனில் தன் மகனைக் காட்டிக் காட்டி
என் மகளுக்குச் சோறு ஊட்டுகிறாள்.
போன வாரம் முழங்காலில் சிராய்ப்பு.
நான் ட்யூப்லைட்டைப் போடும் முன்பே
அவளே வந்து கையால் சொன்னாள்:
எந்தப் படி, எவ்வளவு ரத்தம், எத்தனை நேரம் அழுகை.
ஓட்டை விழுந்த பீஸைத் தானே எடுத்துவந்து
இங்கே பார் என்று காட்டிய டெய்லரை
இந்த ஒன்பது வருசத்தில் நான் கண்டதில்லை.

நேற்றுத் தூக்கத்தில் மிதுனா
"பாணி" என்றாள்.
ஒரு நொடி புரியவில்லை எனக்கு,
என் பிள்ளைக்குத் தாகம் என்று.

தேர் பார்க்க ஊருக்குப் போகிறாள் ஜுனு.
"பதினஞ்சு நாள், அக்கா."
பதினஞ்சு நாளில் வந்தவர்களும் இந்த லைனில் உண்டு,
பாயும் அடுப்பும் கிடக்க
வராமலே போனவர்களும் உண்டு.

காலண்டர் பின்பக்கத்தில் மறுபடி எழுதுகிறேன்.
மூணரை. ஆறு. மூவாயிரம்.
சென்னியப்பன் மூன்று மணி நேரமாவது தூங்க வேண்டும்.
எதைக் கூட்டினாலும்
ஒரு நாள் கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது.

இன்று செக்கிங் டேபிளில் நாச்சக்கா
என் முதுகிலிருந்து எதையோ பிய்த்து நீட்டினாள்.
சிவப்பு அம்பு.
பைக்குள் கிடந்த மிச்ச ஷீட்டிலிருந்து
காலையில் தோளில் சாய்ந்திருந்தபோது
ஒட்டியிருக்கிறாள்.

"எங்கிட்டுக்காக்கா காட்டிட்டு இருந்துச்சு, மேலயா கீழயா?"
"அதப் பாக்கலியே கண்ணு" என்றாள்.

பீஸ் வந்துகொண்டே இருந்தது.